பனிமலைக்குப் போன தேங்காய் எண்ணெய்

மகனே,

இன்றைக்கு மத்தியானம் உங்கள் தொழிற்சாலை வாசலில் என்னைக் கண்டதும் நீ ஓடி வந்தாய். "என்னாப்பா, அம்மாவுக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டாய். முகம் வெளுத்துப் போயிருந்தது உனக்கு. நான், "ஒண்ணுமில்லடா, குண்டசாலையில ஒரு சிநேகிதரைப் பார்க்க வந்தேன், அப்படியே இந்தப் பக்கம் நடந்தேன்" என்றேன். அது பொய். குண்டசாலையில் எனக்குச் சிநேகிதர் யாரும் இல்லை என்பது உனக்கே தெரியும். நான் உங்கள் அலுவலகத்துக்குள் போய், உன் பிரிவில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் சொன்னதை வாசலில் உன் ஒருத்தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயோ என்னைக் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி, அப்பாவைக் கண்டி டவுனில் பத்திரமாக இறக்கிவிடுங்கள் என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னாய். பஸ் புறப்பட்ட பிறகும் நின்று கையாட்டினாய். நான் வெட்கத்தில் மற்றப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே போன மறுநிமிடம் யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் வாயால் வர வேண்டியதை நான் எழுதியாவது தருகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். ஒட்டி மறைக்கப் போவதில்லை, சாப்பாட்டு மேசையில் விரித்தே வைக்கப்போகிறேன். உன் அம்மா படிக்கட்டும், கூட வேலை செய்கிற றிஸ்வான் படிக்கட்டும், கேட்டால் என் தம்பி வீட்டுக்காரர்களும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதல் வெட்கத்திலிருந்து தொடங்குகிறேன். பேராதனையில் என்ஜினியரிங் படித்து முடித்த நீ, பல்லேகலயில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பனிச்சறுக்குச் சப்பாத்து செய்கிற கம்பெனியில் சேரப்போகிறேன் என்றபோது நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். "சப்பாத்துத் தைக்கிறதுக்கா நான் இவ்வளவு காலம் முனிசிபல் கந்தோர்ல முதுகு வளைஞ்சு எழுதினேன்?" என்று கத்தினேன். தண்ணீர்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அவ்வளவு பெரிய பவிசு. கோயில் கமிட்டியில் யாராவது கேட்டால் மகன் "எக்ஸ்போர்ட் கம்பெனியில மெஷின் டிசைன்" என்று சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றுவேன். நம் ஆட்களில் பலர் சப்பாத்து வேலையை எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நான் அவர்களைவிட மோசமாகப் பார்த்தேன். ஒரு மனிதனின் காலைக் காக்கிற வேலையில் என்ன கேவலம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

நீதான் என்னைத் திட்டாமல் திருத்தினாய். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஒற்றைப் பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். கல்லுப் போலக் கனத்தது. "அப்பா, இது சப்பாத்து இல்ல, இதுக்குள்ள ஒரு மெஷின் இருக்கு, பாருங்க" என்றாய். கால்பாதம் போகிற கீழ்க்கூடு தனி, கெண்டைக்காலைப் பிடிக்கிற மேல்கூடு தனி. கணுக்காலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு ஆணிகளில் மேல்கூடு முன்னும் பின்னும் ஆடும். பனிமலையில் ஏறும்போது ஆடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மனிதன் மரக்கால் கட்டியவன் மாதிரித்தான் நடக்க முடியும். ஆனால் உச்சிக்குப் போய்ச் சறுக்கி இறங்கும்போது அது ஆடவே கூடாது. முன்பக்கம் சாய்ந்தபடி இறுகி நிற்க வேண்டும், ஏனென்றால் வேகமாக இறங்குகிறவன் தன் முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பை அதன்மேல் சாய்த்துத்தான் வளைகிறான், நிற்கிறான். அதற்காகப் பின்பக்கம் ஒரு பூட்டு. லீவரைத் திருப்பினால் ஸ்பிரிங் ஒரு சின்ன இரும்புக் கம்பியைத் தள்ளும், கம்பி கீழ்க்கூட்டில் இருக்கிற பள்ளத்தில் போய் விழும், மேல்கூடு அசையாது. அந்தப் பூட்டை வரைந்தவன் நீ. "டக்" என்று அது விழுகிற சத்தத்தை எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தாய். நானும் உன் அம்மாவும் குழந்தைகள் மாதிரி மாறி மாறி அந்த லீவரைத் திருப்பினோம். அன்றிலிருந்து கோயிலில் நான் பேசிய பேச்சு வேறு. "பனியில நடக்கிறதுக்குப் பூட்டுக் கண்டுபிடிச்சிருக்கான் என் மகன்" என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொன்னேன். எனக்கு ஒன்று வெட்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பட்டம் அடிக்க வேண்டும். நடுவில் நிற்கத் தெரியாது.

இனி அந்த எண்ணெய். ஜனவரிக் குளிரில், பனியில் போட்டுப் பார்க்கிற பரீட்சைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டிய பூட்ஸ் சோடியை நீ கடைசியாக ஒருமுறை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாய். மேல்கூடு ஆடும்போது கிறீச் கிறீச் என்றது. அது உனக்குப் பிடிக்கவில்லை. ஆணிக்குள் இருக்கிற வளையத்தைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டாய். சத்தம் நிற்கவில்லை. காலையில் எழும்பி அதையே செய்துவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு குளிக்கப் போனாய். நான் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பூட்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேட் கீல், குடைக் கம்பி, சுவர் மணிக்கூடு, என் முழங்கால், எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே மருந்துதானே. போத்தலை எடுத்தேன். எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. அடப்பாவி, அதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? கண்டிக் குளிருக்கே உறைந்துபோன எண்ணெயைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் வைத்து உருக்கி, அதைப் பனிமலைக்குப் போகிற பூட்ஸில் ஊற்றினேன் நான். ஆணிகள் இரண்டிலும் விட்டேன். போத்தல் கையில் இருக்கிறதே என்று பின்பக்கப் பூட்டிலும் இரண்டு சொட்டு விட்டேன்.

நீ குளித்துவிட்டு வந்து ஆட்டிப் பார்த்தாய். "அட, சத்தம் நின்னுருச்சே! வளையம் இப்பதான் சரியா உட்கார்ந்திருக்குப் போல" என்று உன் முகம் மலர்ந்தது. அப்போது நான் சொல்லியிருக்கலாம். நீ சிரித்துக்கொண்டே துடைத்து எடுத்திருப்பாய், கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் வரம் கொடுத்த சாமி மாதிரிச் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஏன் தெரியுமா? அந்தப் பூட்ஸ் வெளிநாட்டில் பேர் எடுத்து வந்த பிறகு, பத்துப் பேர் இருக்கிற இடத்தில் "அன்னைக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டது யாருன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கவேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை. உன் வெற்றியில் எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று பதுக்கி வைத்தேன். எண்ணெய் விட்டது அறியாமை. பேசாமல் இருந்தது அறியாமை இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். அங்கே பரீட்சை பார்க்கிற ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறினாள். உச்சியில் லீவரைத் திருப்பினாள், அது திரும்பியது. உறைந்த எண்ணெய்க்குள் கம்பி பாதி வழியில் நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் வளைவிலேயே மேல்கூடு பின்னால் போய்விட்டது. விழுந்து கால் முறிந்தது. பூட்ஸ் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது பள்ளத்துக்குள் பிசுபிசுவென்று இருந்ததை நீ விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தாயாம். வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது உனக்கு, இந்த வீட்டு வாசம்தானே அது.

அன்றைக்கு நீ வந்து கேட்ட விதத்தை நான் மறக்கமாட்டேன். கோபமே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்ததைச் சொன்னாய். "அப்பா, அந்தப் பூட்ஸுல எண்ணெய் ஏதாச்சும் விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய். நான் என்ன செய்தேன்? குதித்தேன். "ஆமா, விட்டேன்! அதுக்கென்ன இப்போ? ரெண்டு சொட்டு எண்ணெய்க்கு நின்னு போற பூட்டு என்னடா பூட்டு? இதுக்கா பேராதனையில படிச்ச?" என்று கேட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏங்க, பிள்ளைய இப்படிப் பேசுறீங்களே, ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் கால் உடைஞ்சிருக்குன்றான்" என்று அழுதாள்.  மறுநாள் வந்து, "நான்தான் விட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்பா. முடிஞ்சிருச்சு, நீங்க அதப் பத்தி நினைக்காதீங்க" என்றாய். பனி உருகுவதற்குள் நடக்கிற அடுத்த பரீட்சைக்கு உன்னைத்தான் அனுப்புவதாக இருந்தது. நீ வரைந்த பூட்டைப் பனியிலேயே நின்று பார்க்கப்போகிறாய் என்று அம்மா கம்பளிச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தாள். அதுவும் இல்லையென்று ஆனது. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. வெளியில் யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. சீ, என்ன ஜென்மம் நான்.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனோமே, அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. நீ மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாய். கலகெதரயிலிருந்து சாமான் வாங்க வந்திருந்த றிஸ்வான் நம்மைக் கண்டு சிரித்துக்கொண்டே வந்தான். "என்ன அங்கிள், ஒங்கட வூட்டுல தேங்கெண்ணப் போத்தல அலுமாரியில வெச்சுப் பூட்டோணும் போல. சப்பாத்துக்கெல்லாம் போகுதாமே!" என்றான். அவன் உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அத ஏன் கேக்குறீங்க தம்பி! சின்ன வயசுலயிருந்தே இவன் இப்படித்தான், படிச்ச முட்டாள். குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையும்னு தெரிய வேணாமா? எங்க வீட்டுல விடியக்காலையில போத்தல் உறைஞ்சு நிக்கிறதப் பார்த்து வளர்ந்தவன்தானே!" என்றேன். றிஸ்வானின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் உன்னைப் பார்த்தான். நீ பைக்குள் இருந்த போஞ்சியைப் பார்த்துக்கொண்டு, "வாங்கப்பா, பஸ் போயிரும்" என்றாய். பெரியவர் பேசுகிறாரே என்ற மரியாதையில் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான் என்று நான் நினைத்தேன்.

ஏன் அப்படிப் பேசினேன் என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அது பழக்கம். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் சைக்கிள் பிரேக் கீச்சிடுகிறது என்று நான் அதற்கும் எண்ணெய் போட்டேன். நீ கட்டுகஸ்தோட்டைப் பள்ளத்தில் பிரேக் பிடிக்காமல் போய் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தாய். முழங்கையில் தையல் போட்டார்கள். அந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்! என் கதையில் எண்ணெய் வராது. "கானைப் பார்த்ததும் பாய்ஞ்சிட்டான் துரை" என்றுதான் வரும். நீ பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைத் தடவிக்கொண்டு நீயும் சிரிப்பாய். உன்னைச் சிறுத்துக் காட்டிச் சபையில் நான் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறேன், நீயும் அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாய். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் எதை வேண்டுமானாலும் என்னிடமிருந்து எடுத்துக்கொள், இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. பிள்ளை சிரிக்கிறதே என்று நினைத்து ஏமாந்துபோகாதே.

இன்றைக்குக் காலையில் நீ வேலைக்குப் போன பிறகு நான் சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். அம்மாவிடம் எங்கே என்று சொல்லவில்லை. உன் பிரிவுக்குப் பொறுப்பான சாந்தினி மிஸ்ஸைப் பார்க்கவேண்டும் என்று வாசலில் சொன்னேன். நீ அச்சு வார்க்கிற பக்கம் போயிருக்கிறாய் என்றார்கள், எனக்கு அது வசதியாகப் போனது. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுந்து நின்று, "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டது. நான் உட்காரவில்லை. "அந்தப் பூட்டுல எண்ணெய் விட்டது என் மகன் இல்லம்மா, நான்தான்" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வசனம் அது.

"ஓம் ஐயா, தெரியும்" என்றது அந்தப் பிள்ளை. "அவர் அண்டைக்கே எங்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டார்."

"எல்லாருக்குமா?"

"ஓம். பிறகு எங்களுக்குள்ள ஒளிச்சு மறைச்சு என்ன செய்யிறது? எங்க பிழைச்சது எண்டு தெரிஞ்சால்தானே அடுத்ததைச் சரியாச் செய்யலாம். வெளிநாட்டுக்குப் போன அறிக்கையில மட்டும், அப்பாவைப் பற்றி ஒண்டும் வர வேண்டாம், நானெண்டே எழுதுங்கோ மிஸ் எண்டு கெஞ்சினவர்."

"றிஸ்வானுக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாமலோ? பெட்டியைத் திறக்கேக்க ரெண்டு பேரும்தானே நிண்டவை."

மகனே, அந்தக் கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்தேன். மார்க்கெட்டில் றிஸ்வான் உன்னைக் கேலி செய்யவில்லை. என்னைத்தான் கேலி செய்தான், அன்போடு, ஒரு வீட்டு மனிதரைச் செய்கிற மாதிரி. "ஆமா தம்பி, நான்தான், வயசான காலத்து முட்டாள்தனம்" என்று நான் சொல்லியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து சிரித்திருப்போம். அங்கே நின்ற மூன்று பேருக்கும் உண்மை தெரியும். தெரியாதென்று நினைத்து நடித்தவன் நான் ஒருத்தன்தான். றிஸ்வானுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்திருந்தும், அவன் முன்னால் உன் அப்பன் உன்னை முட்டாள் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாயே. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை நீ, பஸ் போய்விடும் என்றாய். உனக்கு என்னைப் பார்த்து எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்!

அந்தப் பிள்ளை எனக்கு ஆறுதலாக இன்னொன்றும் சொன்னது. அதுதான் இன்னும் கொன்றது. "நீங்கள் கேட்ட கேள்வியும் சரிதான் ஐயா. ரெண்டு சொட்டு எண்ணெய்க்கு நிண்டு போற பூட்டு என்ன பூட்டு எண்டு நீங்கள் கேட்டதை அவர் இஞ்ச வந்து சொன்னவர். உலகத்தில எல்லாரும் எதையாவது ஊத்தத்தான் செய்வினம், பூட்டுத்தான் கவனமா இருக்கவேணும் எண்டு சொல்லி, முழுக்கத் திரும்ப வரைஞ்சவர். இப்ப கம்பி முழுசா விழாட்டி லீவர் மூடாது. கையில தட்டுப்படும், ஆளுக்கு உடனே தெரியும்." நான் அந்தக் கேள்வியை உன்னைக் கன்னத்தில் அறைவதற்காகக் கேட்டேன். நீ அதை எடுத்துக்கொண்டு போய் யாரோ ஒருவருடைய கால் முறியாமல் இருக்க வழி பார்த்திருக்கிறாய். அதில் எனக்குப் பங்கு இல்லை. நாளைக்கு நானே தம்பட்டம் அடிக்கத் தொடங்கினால் இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடி.

பனிமலைக்கு உன்னையே அனுப்பக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். அறிக்கையில் உன் பேர் இருப்பதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் வேறு ஆளைக் கேட்டுவிட்டார்களாம், றிஸ்வான்தான் போகிறானாம். இனி மாற்ற ஏலாதாம். விழுந்த பெண் இப்போது தடியூன்றி நடக்கிறாளாம். அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன், சொல்கிறேன் என்றது அந்தப் பிள்ளை. பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு உங்கள் பிரிவு நடுவில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் தமிழிலும், எண்ணெய் விட்டது நான், மார்க்கெட்டில் என் மகனை முட்டாள் என்று சொன்னதும் நான், முட்டாள் அவன் இல்லை என்றேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். றிஸ்வான் வந்து, "சரி அங்கிள், விடுங்க, வாங்க டீ குடிப்போம்" என்று தோளில் கைவைத்தான். நான் குடிக்காமல் வெளியே வந்தேன். வாசலில் நீ.

இந்த நாட்களில் நீ வேலையைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாய். கோபம் காட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்குள் வந்ததும் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாய், "சாப்பிட்டேன்" என்பேன், உன் அறைக்குப் போய்விடுவாய். நீ அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாகிவிட்டது, உன் முகத்தைப் பார்க்காமல் நானும் தப்பித்தாகிவிட்டது. இன்றைக்கு அப்படிச் செய்யாதே. உள்ளே வந்ததும் என்னைத் திட்டு. அம்மா கேட்கட்டும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும். என்ன பேச வேண்டுமோ அத்தனையும் பேசு, நான் வாயைத் திறக்கமாட்டேன். என்னை நீ இத்தனை காலம் காப்பாற்றியது போதும். திட்டி முடித்த பிறகு, மனம் வந்தால், இரண்டு பேரும் சாப்பிட உட்காரலாம். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். நான் இன்னும் சாப்பிடவில்லை.

அப்பா